வானத்தைப் பார்த்துக் கட்டிய குழாய்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டியூட்டி பார்த்த அந்த அக்காவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. "அந்தம்மா லைன்ல இருக்கும்போது தும்மிடாதப்பா, தும்மினது யாருன்னு பேர் சொல்லிடும்" என்பார்கள் பட்டுக் கடைக்காரர்கள். பேச்சுக்குச் சொல்வது இல்லை, நிஜம். அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை என் மைக் செட்டுக்கு வால்வு ஆர்டர் சொல்ல மெட்ராசுக்கு டிரங்கு கால் கேட்டேன். "ஹலோ" என்று ஒரு வார்த்தைதான் என் வாயிலிருந்து வந்தது.

"இன்னாபா மைக் செட்டு, சளி புடிச்சிருக்குதா?" என்றது அந்தப் பக்கம்.

அதற்கு முன்னால் அவரிடம் நான் பேசியது இரண்டோ மூன்றோ தடவைதான். வாலாஜாபாத் பக்கம் மழை பிடித்தால் கம்பியில் வருகிற இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவார். வியாபாரிகள் சரக்கு அனுப்பியாகிவிட்டது என்று பொய் சொல்லும்போது மூச்சு எந்த இடத்தில் தட்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை, கொஞ்சம் பயம்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் மத்தியானம் என் கடை வாசலில் வந்து நின்றார். எழுபதுகளின் தொடக்கம். மாசி முடிகிற சமயம். இரண்டு வருஷமாக மழை பொய்த்து, ஏரிகள் எல்லாம் தரை வெடித்துக் கிடந்தன. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு முப்பது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவது என் தொழில். கடையில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரும் வைத்திருந்தேன். கதாகாலட்சேபம் நடந்தால் அதைப் பதிவு செய்து தரச் சொல்லிக் கேட்பார்கள்.

"தம்பி, அந்த டேப் ரெக்கார்டர வாடகைக்குத் தருவியா?"

"எடுத்துக்குங்கக்கா. வீட்ல இன்னா விசேசம்?"

"விசேசம் வீட்ல இல்ல. மேல." கையை உயர்த்தி ஆகாயத்தைக் காட்டினார்.

"யாரு பேசப் போறாங்க?"

"உள்ளான் குருவி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அன்று அவர் சொன்னதை இத்தனை வருஷம் கழித்தும் அப்படியே என்னால் சொல்ல முடியும். அவ்வளவு அழகாகச் சொன்னார்.

பல வருஷமாக ராத்திரி டியூட்டி. போன் குறைகிற நேரத்தில் எக்ஸ்சேஞ்சின் பின்பக்கம் காற்று வாங்கப் போய் நிற்பாராம். பங்குனி, சித்திரை மாதங்களில் இருட்டில் தலைக்கு மேலே, ரொம்ப உயரத்தில், ஊசி மாதிரி ஒரு சத்தம் போகும். தெற்கே பாலாற்றங்கரை ஓரிக்கைப் பக்கத்திலிருந்து வந்து வடக்கே தேய்ந்து மறையும். என்னவென்று தெரியாமலே சில வருஷம் கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடந்தபோது காலடியிலிருந்து ஒரு உள்ளான் எழுந்து பறந்தது. அதே குரல். அன்றைக்குப் புரிந்ததாம். மார்கழிக் குளிருக்கு நம் ஏரிக்கு வந்து தங்கிய சின்னச் சின்னக் குருவிகள் வெயில் ஏறுவதற்கு முன் ஊர் திரும்புகின்றன. போவது ராத்திரியில்.

"பகல்ல மேயறது, ராத்திரில பயணம். நம்ம ஜனம் கல்யாணத்துக்குப் போனா கை நனைச்சிட்டு கடைசி பஸ்ஸப் புடிக்கறாங்களே, அப்படி. மேல ஒரு டிரங்கு லைன் ஓடுதுபா. முன்னால போறது கூப்புடும். பின்னால வர்றது இருக்கேன்னு பதில் குடுக்கும். நான் பொழுதன்னிக்கும் பண்ற வேலதான் அதுங்களுக்கும்."

இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் படிக்கவில்லை. ராத்திரி முழுக்க மற்றவர்கள் பேச்சை இணைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், வெளியே வந்து நின்ற ஐந்து நிமிஷத்திலும் கேட்பதை விடவில்லை, அவ்வளவுதான்.

"சரிக்கா. அதுக்கு எதுக்கு டேப்பு?"

"போன பங்குனி பூரா ஒரு கொரல் இல்ல தம்பி. ஏரில தண்ணி இல்லன்னு அதுங்க வரலியா, இல்ல இத்தினி வருசம் ஹெட்போன மாட்டிக்கினு என் காது போயிடுச்சா, தெரியல."

"டாக்டராண்ட காட்னீங்களா?"

"காட்டாம? கவட்டி மாதிரி ஒரு இரும்பத் தட்டி காதாண்ட வெச்சாரு. கேக்குதான்னாரு. கேக்குதுன்னேன். நல்லாருக்குது போம்மான்னுட்டாரு. போன்ல பேசறவங்க கொரலும் நல்லாத்தான் கேக்குது. அதுங்க கொரல்தான் இல்ல." பிறகு சொன்னார்: "எதுக்கு வருத்தப்படறதுன்னு தெரியாம வருத்தப்படக்கூட முடியல தம்பி."

நான் பள்ளிக்கூடம் பாதியில் விட்டவன். ஜனங்கள் வாயிலிருந்து விழுகிற வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் என் படிப்பு. இந்த ஒன்றை அன்றைக்கே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லலாமே என்றேன். "எங்க வூட்டுக்காரரா? இடி விழுந்தா யாருன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுப்பாரு" என்றார். கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கேட்டால், அக்கா முகம் வாடக் கூடாதே என்று கேட்கிறது என்பாளாம். "மனுசங்க நமக்காகச் சொல்லுவாங்க. மெஷினுக்கு என் மேல பாசம் கிடையாது பாரு, அது உள்ளதச் சொல்லும்."

சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கையில் பிடித்துப் பேசுகிற மைக்கை ஆகாயத்துக்குக் காட்டினால் காற்றுதான் பதிவாகும். அப்போது எனக்குப் பழைய விபத்து ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கல்யாணத்தில், வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் ஒயரை அவசரத்தில் மைக் சொருகுகிற துளையில் சொருகிவிட்டேன். குழாய்க்குள் இருக்கிற மெல்லிய தகடு, கரண்ட் வந்தால் அதிர்ந்து சத்தம் போடும். சத்தம் வந்து மோதினால் அதே தகடு கரண்டைத் திருப்பி அனுப்பும். வாய் காதாகிவிடும். வாசலில் நின்று இரண்டு பேர் பாயசத்தில் சர்க்கரை இல்லை என்று பேசிக்கொண்டது பந்தல் முழுக்க எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. பெண் வீட்டார் என்னை அடிக்காத குறை. அந்த விபத்துதான் இப்போது உதவியது. பெரிய குழாய் ஒன்றை மல்லாத்திக் கட்டினால் அது ஆகாயத்துக்கு வைத்த காது.

அக்காவின் வீடு நெசவாளர் தெருவில் மொட்டை மாடி வீடு. அவருக்கு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து, பங்குனி பிறந்த வாரத்தில் சாயங்காலம் குழாயைத் தூக்கிக்கொண்டு போனேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் மூங்கிலை நிறுத்தி, குழாயின் வாய் நேரே மேலே பார்க்கும்படி கட்டினேன். ஊரில் இருக்கிற குழாய் எல்லாம் தெருவைப் பார்க்கும்போது இது ஒன்று வானத்தைப் பார்த்தால் சும்மா விடுவார்களா?

பக்கத்து வீட்டு நெசவாளர் தறியை விட்டு வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "இன்னாபா, மேல இருக்கறவங்க வூட்ல கல்யாணமா?"

"இல்லண்ணா. மேல பேசறதக் கேக்கப் போறோம்."

"கேட்டுட்டு அப்படியே மழை எப்பன்னு ஒரு வார்த்தை கேட்டுடு. இங்க சொல்லி ஆவல."

அவர் மனைவி உள்ளேயிருந்து தெலுங்கில் ஏதோ சொன்னாள். வீட்டுக்குள் அவர்களுக்குத் தெலுங்கு. "நீ பாட்டுப் போட்டா கீழ பாத்துப் போடு தம்பி, மேல போட்டா எங்களுக்கு எப்படிக் கேக்கும்னு கேக்கறா" என்று அவரே மொழிபெயர்த்தார்.

அந்த முதல் பதிவு உருப்படவில்லை. சாமக் கோழி கூவுவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிடும். வைகாசி முகூர்த்தத்துக்குச் சேலை கொடுக்க வேண்டிய நாட்கள் அவை. டேப்பைப் போட்டுக் கேட்டால் தறிப் பலகை அடிக்கிற சத்தம்தான், குழிக்குள் ஒருவர் உரலில் இடிப்பது போல. அக்கா போய்க் கேட்டார். குருவிகள் அதிகமாகக் கூப்பிடுகிற விடிகிற நேரத்தில் ஒரே ஒரு அரை மணி தறியை நிறுத்த முடியுமா என்று.

நெசவாளர் யோசித்தார். "நிறுத்தச் சொன்னா எப்படிமா? கையை நிறுத்தினா வாயும் நிக்குமே." பிறகு அவரே, "பழைய பாவு முடியப் போவுது. புதுசு சேக்கணும். அத நாளைக்கு வெடிகாலைல வெச்சிக்கறேன். அதுல சத்தம் இல்ல" என்றார்.

நீளவாக்கில் ஓடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் தறியில் மிஞ்சியிருக்கிற பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. ஆயிரக்கணக்கான இழை. நல்ல வெளிச்சத்தில் கண்ணை வைத்துச் செய்ய வேண்டியதை, எங்களுக்காக அவர் விளக்கு வெளிச்சத்தில் செய்தார். உபகாரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எப்படியும் செய்யற வேலதானே" என்றார். அந்தத் தெருவின் மனசு எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இழை சேர்க்கிற வேலை நீண்டதால், அந்த விடியலிலும் இன்னும் இரண்டு விடியல்களிலும் பதிவு செய்தோம். துல்லியமாக வரட்டும் என்று டேப்பை வேகமாக ஓடவிட்டேன். என் ரெக்கார்டரில் இரண்டு வேகம் உண்டு. வேகமாக ஓடினால் சத்தம் சுத்தமாகப் பதியும், ஆனால் டேப் சீக்கிரம் தீரும். மைக் செட்டுக்காரன் எவனும் அந்த வேகத்தைத் தொட மாட்டான். டேப் விலை அப்படி. கதாகாலட்சேபமோ கல்யாணமோ எல்லாம் மெதுவான வேகம்தான். அக்காவுக்காக மட்டும் நெம்புகோலைத் தள்ளி வைத்தேன்.

பிறகு அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று டேப்பையும் கேட்டோம். காற்று. ஒரு நாய். எங்கோ ரயில். சேவல். வேறு ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலைக் காதோரம் வைத்துக்கொண்டு அவர் கேட்ட மாதிரி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் இரண்டு பேரையும் விசாரித்தோம். ராத்திரியில் மேலே பறவைச் சத்தம் ஏதாவது கேட்டதுண்டா? "பறவையா? இல்லியேம்மா" என்றாள் மனைவி. "காக்கா கத்தினாத்தான் எங்களுக்கு வெடிஞ்சதே தெரியும்" என்றார் நெசவாளர்.

"அப்ப வரலதான் தம்பி" என்றார் அக்கா. "மெஷின் சொல்லிடுச்சி." ஏரி வற்றியதால் அந்தக் கூட்டமே இல்லாமல் போய்விட்டது என்று முடிவு கட்டினார். தன் காது தப்பித்ததில் அவருக்குத் துளி சந்தோஷம் இல்லை. எனக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தார், தானும் எடுத்துக்கொண்டார், குடிக்காமல் ஆறவிட்டார்.

டேப்புகளைக் கடைக்கு எடுத்து வந்தேன். அழித்துவிட்டு ஒரு கல்யாணத்துக்கு உபயோகிக்க வேண்டும். அழிப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று ஓடவிட்டுப் பார்ப்பது தொழில் பழக்கம். மத்தியானம், கடையில் யாரும் இல்லை. கை தன்பாட்டுக்கு நெம்புகோலை மெதுவான வேகத்தில் வைத்துவிட்டது. வருஷக்கணக்காக அப்படியே வைத்துப் பழகிய கை. வேகமாகப் பதிந்த டேப் பாதி வேகத்தில் ஓட ஆரம்பித்தது.

நாய் மாடு மாதிரி கத்தியது. அப்போதுதான் தப்பாக வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. மாற்றப் போனேன். அதற்குள் நாய்க்குப் பின்னால் வேறு ஒன்று வந்தது. யாரோ தூரத்தில் மூங்கில் குழலை வாயில் வைத்து மெதுவாக மூன்று தரம் ஊதுகிற மாதிரி. ஒரு இடைவெளி. பிறகு கொஞ்சம் தள்ளி, இன்னும் மெல்லிசாக, அதே மூன்று. நான் நெம்புகோலின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், காணவில்லை. குறைத்தேன், இருந்தது.

மெதுவாக ஓட்டினால் சத்தம் தடித்து இறங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேகமாக ஓட்டினால் எனக்கு ஏன் கேட்கவில்லை? குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே பத்து வருஷம் படுத்துத் தூங்கியவன் நான். அந்தக் கேள்விக்கு விடை என் காதிலேயே இருந்தது. அதை அப்போது தள்ளி வைத்துவிட்டு, ரெக்கார்டரைச் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டேன். தூக்கக் கண்ணோடு வந்து உட்கார்ந்தார். ஓடவிட்டேன். முதல் குரல் வந்ததும் கை தானாகக் காதோரம் போயிற்று. இரண்டாவது குரல் வந்தபோது கண்ணில் தூக்கம் இல்லை.

"திரும்பப் போடு."

போட்டேன். மூன்று தரம் போட்டேன். ஆனால் அவர் லேசில் நம்புகிறவர் இல்லை. "மெதுவா ஓட்டினா எது வேணா பறவையாத் தெரியும் தம்பி. கதவு கிரீச்சிட்டது கூட. நல்ல காதா ஒண்ணு வேணும். நெஜ வேகத்துல அதுக்குக் கேக்குதா பாக்கணும்."

சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார். நெசவாளரின் மனைவி ராட்டையில் இழை சுற்றிக்கொண்டிருந்தவள், விரலில் பட்டு நூல் ஒட்டியபடியே வந்தாள். பின்னாலேயே நெசவாளரும். அவளிடம் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உட்கார வைத்து, நிஜ வேகத்தில் ஓடவிடச் சொன்னார். எனக்கும் அக்காவுக்கும் காற்றும் நாயும்தான். அவள் முகத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாய் கத்தி முடித்த இடத்தில் அவள் முகம் சுளித்தது.

"அய்ய, இந்த எலியா" என்றாள்.

"எந்த எலி?" அக்காவின் குரல் மாறியிருந்தது.

"ராத்திரில கீச்சுக் கீச்சுன்னு கத்துமேம்மா. மொதல்ல ராட்டைதான் கத்துதுன்னு எண்ணெ வுட்டேன். ராட்டைய நிறுத்தினாலும் கத்துச்சி. தறிதான்னு இவராண்ட சண்டை. தறி நின்னாலும் கத்துச்சி. அப்புறம்தான் எலின்னு தெரிஞ்சிது."

எலி என்றால் பட்டு நெய்கிற வீட்டில் உயிர் போகிற சமாசாரம். ஒரு ராத்திரியில் ஒரு பாவையே கடித்துப் போட்டுவிடும். பொறி வைத்தார்களாம். தேங்காய்ச் சில் காய்ந்ததே தவிர எலி விழவில்லை. இன்னொரு பொறி வாங்கினார்களாம்.

"பறவை கத்துதான்னு கேட்டப்ப இல்லன்னியே?"

"நீங்க பறவையத்தானேம்மா கேட்டீங்க. எலியக் கேக்கலியே."

நெசவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆகாசத்துல போறதுக்கு அடுக்களைல பொறி வெச்சிருக்கிறாபா இவ. தேங்கா சில்லு வேற."

"நீங்கதானே வாங்கினு வந்தீங்க பொறி" என்றாள் அவள்.

அக்கா இதில் எதிலும் சேரவில்லை. "போன பங்குனிலயும் கத்துச்சா?" என்று கேட்டார்.

"போன பங்குனிலதான் ரெண்டாவது பொறி வாங்கனது."

அக்கா அழுதுவிடுவார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார். எக்ஸ்சேஞ்சில் கோளாறு சொல்லுகிற அதே நிதானமான குரலில் சொன்னார்:

"லைன் நல்லாத்தான் இருக்குது தம்பி. கோளாறு நம்ம பக்கம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தனக்கு இனி அந்தக் குரல் கேட்கப் போவதில்லை என்று அப்போதுதான் உறுதியாகியிருந்தது. ஆனால் ஊர் போன மகனிடமிருந்து சேர்ந்தேன் என்று தந்தி வந்தவர் மாதிரி இருந்தது முகம். வற்றின ஏரியிலும் ஏதோ ஒரு மூலையில் ஈரத்தைக் கண்டுபிடித்துக் குளிர்காலத்தை ஓட்டிவிட்டு, இரண்டு வருஷமும் தவறாமல் புறப்பட்டுப் போயிருக்கின்றன. அதைப் பற்றித்தான் அன்று முழுக்கப் பேசினார். காதைப் பற்றி அல்ல. "எத்தூண்டு இருக்கும் அது? உள்ளங்கைல அடங்கும்பா. இருட்டுல, வழி கேக்க ஆள் இல்லாம" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போனில் மனிதக் குரல் தடிப்பாக வருவதால் அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிடையர் ஆகிற வரைக்கும் ஊரில் தும்மினவர்களுக்கெல்லாம் பேர் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதுக்குத்தான் அன்றிலிருந்து பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

அந்தச் சித்திரை வரைக்கும் குழாய் மாடியிலேயே இருந்தது. ஆனால் டேப் அதிகம் ஓடவில்லை. நெசவாளரின் மனைவி ஒரு வழி சொன்னாள்: "நான் எப்படியும் வெடிகாலைல முழிச்சிக்கினுதான் இருக்கறேன். எலி கத்தினா செவுத்தத் தட்டறேன்மா." பறவை என்று அவளால் சொல்ல முடியவில்லை, கடைசி வரை எலிதான். அக்கா உடனே சம்மதித்தார். என் முகத்தைப் பார்த்து, "இவ எனக்காகத் தட்ட மாட்டா தம்பி. எலிக்காகத் தட்டுவா. நம்பலாம்" என்றார்.

சித்திரை முடிகிற வாரம், ஒரு திருவிழாவுக்குக் குழாய் போதாமல், அதை இறக்க விடிவதற்கு முன்னாலேயே போனேன். அக்காவும் மாடிக்கு வந்தார். மூங்கிலில் கட்டிய கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டேன். ஸ்பேனரை எடுத்துத் திருகாணியில் வைத்தேன். கீழே சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. நிதானமாக, இரண்டு தட்டு.

அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தார். அண்ணாந்து பார்த்தார். எனக்கும் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை. வெள்ளி மங்க ஆரம்பித்திருந்த வானத்தில் ஒன்றும் தெரியவும் இல்லை.

"கொஞ்சம் இருபா, கழட்டாத" என்றார் தணிந்த குரலில். "அது அரக்கோணம் தாண்டட்டும்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன்.